இடுப்பு மூட்டும் ஒரு பேரிங்தான்: மெக்கானிக்கல் படிப்புக்குள் பயோமெடிக்கல் சிறப்புப் பிரிவு

"மெக்கானிக்கல் படிக்கிறேன், சிறப்புப் பிரிவாகப் பயோமெடிக்கல் எடுக்கப் போகிறேன்" என்று ஒரு மாணவர் சொன்னால், கேட்பவர்கள் ஆளுக்கொரு விதமாக அர்த்தம் செய்துகொள்கிறார்கள். மருத்துவமனையில் ஸ்கேன் இயந்திரம் நின்றுபோனால் சரிசெய்யும் வேலை என்பார் ஒருவர். பாதி மருத்துவர் ஆகப்போகிறார் என்று மகிழ்வார் இன்னொருவர். மூன்றாமவருக்கு மரபணுவும் சோதனைக் குழாயும் நினைவுக்கு வரும். மூன்றுமே குறி தவறிய பதில்கள். ஆனால் அந்த மாணவருக்கே இதைவிடத் தெளிவான சித்திரம் இருக்கிறதா என்றால், பல சமயம் இல்லை. மூன்றாம் ஆண்டில் எலும்பின் வளைவுத் தகைவைக் கணக்கிடும் வீட்டுப்பாடம் வரும்போதுதான் "இது பழைய பாடமேதானே!" என்று விழிக்கிறார்கள்.

ஆம், பழைய பாடமேதான். நெம்புகோல், உராய்வு, தேய்மானம், குழாயில் ஓடும் திரவம் என முதல் இரண்டு ஆண்டுகளில் படித்தவையே மறுபடி வருகின்றன. வேறுபாடு ஒன்று உண்டு. நாம் செய்யும் பொருள் போய் உட்காரும் இடம் உயிருள்ள இடம். இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டை முடுக்கினால் சட்டம் சும்மா இருக்கும். எலும்பில் முடுக்கினால் எலும்பு பதிலுக்கு ஏதாவது செய்யும். அந்தப் பதிலை முன்கூட்டியே கணக்கில் எடுக்கக் கற்பதுதான் இந்தச் சிறப்புப் பிரிவு. எப்படி என்பதைச் சில உதாரணங்களோடு பார்க்கலாம்.

## முதலில் பெயர்க் குழப்பம்

பயோமெடிக்கல் பொறியியல் என்று தனியாகவே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. அதில் மின்னணுவியல், இதயத் துடிப்பு போன்ற சமிக்ஞைகளை அலசுவது, மருத்துவப் படமெடுப்பு, உயிரியல், இயக்கவியல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். அகலம் அதிகம், ஒவ்வொன்றிலும் ஆழம் குறைவு. மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிப்பதும் வாங்குவதற்குப் பரிந்துரைப்பதும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எனப்படும் வேறொரு தொழில். செல்களையும் நொதிகளையும் கொண்டு பொருள் உற்பத்தி செய்வது உயிரித் தொழில்நுட்பம். அது இன்னும் தள்ளி நிற்கிறது.

நாம் பேசுவது நான்காவதைப் பற்றி. பட்டம் மெக்கானிக்கல்தான். அடிப்படைப் பாடங்கள் அத்தனையும் மற்ற மெக்கானிக்கல் மாணவர்களோடு சேர்ந்தே படிக்க வேண்டும். விருப்பப் பாடங்களை மட்டும் உடல் சார்ந்தவையாகத் தேர்ந்தெடுத்து, இறுதியாண்டுத் திட்டத்தையும் அதே திசையில் செய்கிறோம். சில பல்கலைக்கழகங்கள் இதைச் சான்றிதழில் குறிப்பிடும், சில குறிப்பிடாது. இந்த ஒரு விஷயத்தைச் சேருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

## ஒற்றைக் காலில் நின்று பாருங்கள்

இப்போது எழுந்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள். நிற்கும் காலின் இடுப்பு மூட்டில் எவ்வளவு விசை விழுகிறது? உடல் எடை எவ்வளவோ அவ்வளவு என்று பெரும்பாலானோர் சொல்வார்கள். கொஞ்சம் கவனித்தவர்கள், நிற்கும் காலின் எடையைக் கழிக்க வேண்டும், ஆகவே உடல் எடையைவிடக் குறைவு என்பார்கள். உண்மையில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விழுகிறது.

ஏன் என்று பார்க்க, சிறுவர்கள் ஏறி ஆடும் ஏற்ற இறக்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தாங்கி இருக்கிறது. கனமானவர் தாங்கிக்கு அருகிலும் மெலிந்தவர் தொலைவிலும் உட்கார்ந்தால் பலகை சமநிலையில் நிற்கும். விசையையும் அது தாங்கியிலிருந்து இருக்கும் தூரத்தையும் பெருக்கி வருவதற்குத் திருப்புத்திறன் என்று பெயர். இரு பக்கத் திருப்புத்திறனும் சமமானால் பலகை அசையாது. இருவரின் எடையையும் சேர்த்துச் சுமப்பது யார்? நடுவில் இருக்கும் தாங்கி.

ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்தத் தாங்கிதான் இடுப்பு மூட்டு. ஒரு பக்கம், உடலின் மீதி எடை. 70 கிலோ உள்ளவருக்கு, நிற்கும் காலைக் கழித்தால் சுமார் 58 கிலோ. அதன் மையம் மூட்டிலிருந்து உட்பக்கமாக ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. மறுபக்கம், இடுப்பின் வெளிப்புறத்தில் இருக்கும் தசை. அது மூட்டிலிருந்து 5 சென்டிமீட்டர்தான் தள்ளி இருக்கிறது. தூரம் பாதியானதால் அது இரு மடங்கு விசையோடு, அதாவது 116 கிலோ எடையளவு இழுத்தால்தான் நாம் சாயாமல் நிற்க முடியும். 58-ம் 116-ம் சேர்ந்து 174 கிலோ. அத்தனையும் ஒரு எலும்புப் பந்தின் தலையில்.

இது வெறும் தாள் கணக்கு அல்ல. விசையை அளக்கும் உணரிகளை உள்ளே வைத்த செயற்கை மூட்டுகளை நோயாளிகளுக்குப் பொருத்தி, நடக்கும்போது அளந்திருக்கிறார்கள். பெர்லினில் நடந்த அந்த அளவீடுகளிலும் சாதாரண நடைக்கு உடல் எடையைப் போல இரண்டரை மடங்குக்கு அருகிலான மதிப்புகளே கிடைத்தன. தடுக்கி விழப்போனால் அது இன்னும் பல மடங்கு எகிறும்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவருக்கு ஒரு சின்னப் பரிசும் கிடைக்கிறது. வலது இடுப்பு வலித்தால் கைத்தடியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? வலிக்கும் பக்கம்தானே என்று தோன்றும். இடது கையில்தான் பிடிக்க வேண்டும். இடது கை, வலது மூட்டிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, நீளமான நெம்புகோல். அங்கே வெறும் 5 கிலோ அளவுக்கு ஊன்றினாலே, மேலே சொன்ன எளிய கணக்கின்படி, தசை இழுக்க வேண்டியதில் 45 கிலோ குறைந்துவிடும். ஒரு கைத்தடி இவ்வளவு செய்யும் என்று எனக்கு முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் நம்பிக்கை வந்தது.

இதுவரை வந்ததில் உயிரியல் ஏதுமில்லை. தசை எங்கே ஒட்டியிருக்கிறது என்ற ஒரு தகவல் மட்டும் உடற்கூறியலிலிருந்து வந்தது. மீதி முதலாண்டு இயக்கவியல். உயிருள்ள பொருள்களுக்கு இயக்கவியலைப் பொருத்திப் பார்க்கும் இந்தப் பாடத்துக்கு உயிர்இயக்கவியல் என்று பெயர்.

## டெஃப்லானும் ஒரு தொடையும்

பந்து, கிண்ணம், இடையில் வழுக்கல். இடுப்பு மூட்டைப் பார்க்கும் மெக்கானிக்கல் கண்ணுக்கு அது ஒரு பேரிங். தேய்ந்த பேரிங்கை மாற்றுவதுபோல மூட்டையும் மாற்றிவிடலாமே என்ற எண்ணத்தை வெற்றிகரமாக நடத்திக் காட்டியவர் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய அறுவைச் சிகிச்சை நிபுணர். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் செய்த வேலைதான் இன்றைய மூட்டு மாற்று அறுவைக்கு அடித்தளம். ஆனால் அவர் முதலில் தோற்றார். அந்தத் தோல்வியில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

1950-களின் இறுதியில் அவர் கிண்ணத்துக்கு டெஃப்லானைத் தேர்ந்தெடுத்தார். திடப்பொருள்களிலேயே மிகக் குறைந்த உராய்வு உள்ளவற்றில் அதுவும் ஒன்று. ஒட்டாத பாத்திரங்களில் பூசுவதும் அதைத்தான். நூற்றுக்கணக்கானோருக்குப் பொருத்தினார். முதலில் எல்லோரும் வலியின்றி நடந்தார்கள். சில ஆண்டுகளுக்குள் கிண்ணங்கள் குழிந்து தேய்ந்து, மூட்டுகள் தளர ஆரம்பித்தன.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நிறையப் பேர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். உராய்வு என்பது நகர்வை எதிர்க்கும் விசை. தேய்மானம் என்பது நகரும்போது பொருள் உதிர்ந்து குறைவது. உராய்வு குறைந்தால் தேய்மானமும் குறையும் என்ற விதி எங்கும் இல்லை. சோப்பு வழுக்கும், ஆனால் சீக்கிரம் கரையும். டெஃப்லான் அப்படிப்பட்ட பொருள்.

தீர்வு வந்த கதை சுவையானது. நெசவு இயந்திரங்களுக்குப் பிளாஸ்டிக் பற்சக்கரம் விற்க வந்த ஒருவர், ஒரு புதுவகைப் பாலிஎத்திலீன் துண்டை சார்ன்லியின் பட்டறையில் கொடுத்துவிட்டுப் போனார். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து, உதவாது என்று சொல்லிவிட்டார். பட்டறைத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் விடவில்லை. சார்ன்லி வெளியூர் போயிருந்த நேரத்தில் அதைத் தேய்மானச் சோதனை இயந்திரத்தில் ஏற்றி இரவும் பகலும் ஓட்டினார். மூன்று வாரம் ஓடிய பிறகும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்கிற அளவுக்குக்கூட அது தேயவில்லை. 1962-ல் அதுவே நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது. அதன் மேம்பட்ட வடிவங்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. நிபுணரின் நகத்தைவிடப் பட்டறைச் சோதனை பெரிது என்று நான் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வதற்கு இந்தச் சம்பவம்தான் ஆதாரம்.

சார்ன்லி இன்னொன்றையும் மாற்றினார். பந்தின் விட்டத்தை 22 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறியதாக்கினார். இயற்கையான பந்து அதைப் போல இரு மடங்குக்கும் மேல் பெரியது. சிறிய பந்து ஒரு முறை அசையும்போது அதன் பரப்பு கடக்கும் தூரம் குறைவு. ஆகவே உதிரும் பொருளின் அளவும் குறைவு. உராய்வு கிண்ணத்தைத் திருகும் திருப்புத்திறனும் குறைவு, ஏனெனில் நெம்புகோல் குட்டையாகிவிட்டது. விலை என்ன? சிறிய பந்து கிண்ணத்தை விட்டு எளிதில் நழுவும். எதைப் பெறுவதற்கு எதை விட்டுக்கொடுப்பது என்பது எந்த இயந்திர வடிவமைப்பிலும் வரும் பேரம்தான். இங்கே நழுவுவது ஒரு மனிதரின் மூட்டு.

இனி உடலின் பதிலுக்கு வருவோம். உதிர்ந்த துகள்கள் எங்கே போயின? காரின் பேரிங் என்றால் எண்ணெயோடு கலந்து, வடிகட்டியில் சிக்கும். மூட்டில் அப்படி ஒரு வடிகட்டி இல்லை. துகள்கள் மூட்டைச் சுற்றியுள்ள திசுவில் தங்குகின்றன. அந்தத் துகள்கள் எவ்வளவு தொல்லை தருகின்றன என்பதைப் பார்க்க, சார்ன்லி டெஃப்லான் பொடியையும் பாலிஎத்திலீன் பொடியையும் தன் தொடையிலேயே செலுத்திக்கொண்டார். பல மாதங்கள் கழித்தும் டெஃப்லான் இருந்த இடம் கையால் தடவினால் தெரிகிற கட்டியாக நின்றது.

பாலிஎத்திலீனும் முழுக்கச் சாதுவானது அல்ல என்பது பிறகு தெரிந்தது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கும் அதைவிடச் சிறியதுமான துகள்களை, கிருமி என்று எண்ணி, நோயெதிர்ப்புச் செல்கள் விழுங்கப் பார்க்கின்றன. செரிக்க முடிவதில்லை. அவை வெளியிடும் வேதிச் செய்திகள் பக்கத்து எலும்பைக் கரைக்கத் தூண்டுகின்றன. எலும்பு கரைந்ததும், ஓட்டை விழாத நல்ல கிண்ணமும் பிடிமானம் இழந்து ஆடும். இயந்திரப் பாகம் நன்றாக இருக்கிறது. அது உட்கார்ந்த இடம் காணாமல் போய்விட்டது. எந்த இயந்திர வடிவமைப்புப் பாடநூலிலும் இந்த வகைப் பழுது இருக்காது.

தேய்மானம் ஒரு மெக்கானிக்கல் எண். அது எவ்வளவு இருந்தால் ஆபத்து என்பதை முடிவு செய்வது செல்கள். இரண்டையும் இணைத்துப் படிக்க வைப்பது உயிரிப்பொருளியல் என்ற பாடம். உடலுக்குள் வைக்கத் தகுந்த பொருள்களுக்கு உயிரிப்பொருள்கள் என்று பெயர். உள்ளே வைக்கப்படும் பாகத்துக்கு உள்வைப்பு என்று பெயர்.

## பலசாலி பக்கத்தில் இருந்தால் எலும்பு சோம்பேறியாகும்

1866-ல் சூரிச் நகரத்தில் நடந்தது இது. ஹெர்மன் ஃபான் மேயர் என்ற உடற்கூறியலாளர் தொடை எலும்பின் மேற்பகுதியை நெடுக்காக அறுத்து, உள்ளே இருக்கும் கடற்பஞ்சு போன்ற எலும்பு இழைகளின் வரைபடத்தைக் காட்டினார். அதைப் பார்த்த கார்ல் குல்மன் என்ற பொறியியல் பேராசிரியர் வியந்துபோனார். தான் ஒரு பாரந்தூக்கியின் வளைந்த கையில் விசை பாயும் கோடுகளாக வரைந்திருந்தவையும் அந்த இழைகள் போன வழியும் ஒத்திருந்தன. அந்தப் பொருத்தம் அவர்கள் நினைத்த அளவுக்குத் துல்லியமானது அல்ல என்று பின்னாளில் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனாலும் விதை அங்கே விழுந்துவிட்டது. ஜூலியஸ் வோல்ஃப் என்ற மருத்துவர் 1892-ல் அதை ஒரு விதியாக எழுதினார்: சுமை விழும் இடத்தில் எலும்பு வலுக்கும், விழாத இடத்தில் மெலியும்.

விண்வெளி வீரர்கள் இதற்கு நேரடிச் சாட்சி. எடையற்ற நிலையில், உடற்பயிற்சி போன்ற தற்காப்பு இல்லாவிட்டால், இடுப்பு போன்ற எடை தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி குறைகிறது.

இதில் மெக்கானிக்கல்காரருக்கு என்ன வேலை? மூன்று சொற்களோடு ஆரம்பிக்கலாம். ஒரு பரப்பில் விழும் விசையை அந்தப் பரப்பளவால் வகுத்தால் வருவது தகைவு. அதனால் பொருள் தன் நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறது அல்லது சுருங்குகிறது என்பது திரிபு. தகைவைத் திரிபால் வகுத்தால் கிடைப்பது மீட்சிக் குணகம். பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதற்கான அளவு அது. எலும்பின் கெட்டியான புறப்பகுதிக்கு இது ஏறத்தாழ 17 ஜிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு). உள்வைப்புகளில் பயன்படும் டைட்டானியம் கலவைக்கு 110. எஃகுக்கு 200.

ஒரு சுமையை இருவர் தோளில் ஏற்றிக்கொண்டு நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் சிறிதும் தோளைத் தாழ்த்தாத விறைப்பானவர். மற்றவர் வளைந்து கொடுப்பவர். சுமையின் பெரும்பங்கு விறைப்பானவர் மேல்தான் விழும். எலும்புக்குள் அதே குறுக்குப் பரப்பளவு கொண்ட ஓர் எஃகுத் தண்டை இறுக்கி வைத்து, இரண்டும் சேர்ந்தே சுருங்குகின்றன என்று கொண்டால், சுமை அவற்றின் விறைப்பின் விகிதத்தில் பிரியும். 17-ஐ 217-ஆல் வகுத்துப் பாருங்கள்: எலும்புக்கு வருவது வெறும் 8 சதவீதம். டைட்டானியம் என்றால் 17-ஐ 127-ஆல் வகுக்க வேண்டும், 13 சதவீதம். அதுவரை நூறு சதவீதம் சுமந்த எலும்பு அது. நிஜத்தில் வளைவு, ஒட்டும் பரப்பு, வடிவம் எல்லாம் சேர்ந்து கணக்கைச் சிக்கலாக்கும். போக்கு மட்டும் மாறாது.

வேலை பறிபோன எலும்பு வோல்ஃப் சொன்னபடி மெலிகிறது. மெலிந்ததால் தண்டின் பிடி தளர்கிறது. இதற்குத் தகைவு மறைப்பு என்று பெயர். சாதாரண இயந்திரத்தில் 'எவ்வளவு வலுவாகச் செய்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு' என்ற பழக்கம் நமக்கு ஊறியிருக்கிறது. இங்கே அளவுக்கு மீறிய விறைப்பே பழுதுக்குக் காரணமாகிறது. அதனால்தான் துளைகள் நிறைந்த டைட்டானியத்தை முப்பரிமாண அச்சில் அடித்து, விறைப்பைக் குறைக்கிறார்கள். அந்தத் துளைகளுக்குள் எலும்பும் வளர்ந்து பிடித்துக்கொள்ளும்.

எலும்பு டைட்டானியத்தை இப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. 1952-ல் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற சுவீடன் ஆய்வாளர், முயலின் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கப் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்ற முயன்றார். அது வரவில்லை. அந்த எரிச்சலிலிருந்துதான் இன்றைய பல் உள்வைப்புகள் பிறந்தன.

## ஒரு வாட் மோட்டார், நாற்பது கோடித் துடிப்பு

திரவ இயக்கவியல் பிடித்தவர்களுக்கு இதயம். நிமிடத்துக்கு 5 லிட்டர், சராசரியாக 100 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். அழுத்தத்தை நொடிக்குப் பாயும் கன அளவால் பெருக்கினால், இதயத்தின் இடப்பக்கம் ரத்தத்துக்குத் தரும் திறன் கிடைக்கும்: சுமார் 1.1 வாட். வீட்டில் எரியும் சாதாரண விளக்குக்குக்கூடப் பற்றாது. அதைச் சலிக்காமல் செய்வதில்தான் இருக்கிறது அதன் பெருமை.

ரத்தக் குழாய் சுருங்கினால் என்ன ஆகும் என்பதற்கு, 1840-களில் பிரெஞ்சு மருத்துவர் புவாஸேயி கண்ட விதி உதவும். அழுத்த வேறுபாடு மாறாதிருந்தால், குழாயில் பாயும் அளவு ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதம். ஆரம் பாதியானால் பாய்ச்சல் பாதியாகாது. பதினாறில் ஒரு பங்காகும். ஆரத்தில் வெறும் ஐந்தில் ஒரு பங்கு அடைத்தாலே, பாய்ச்சல் 41 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ரத்த நாளங்கள் நெகிழக்கூடியவை, பாய்ச்சலும் துடிப்புத் துடிப்பாக வருவது; ஆகவே விதி அப்படியே பொருந்தாது. ஆனாலும் சுருங்கிய நாளத்தை விரித்துப் பிடிக்கும் சிறிய ஸ்டென்ட் ஒன்று ஏன் பெரிய வித்தியாசம் செய்கிறது என்பதை அந்த நான்காம் படி புரியவைக்கும்.

தண்ணீர்ப் பம்பு வடிவமைத்துப் பழகியவர் ரத்தப் பம்பு வடிவமைத்தால் இரண்டு இடத்தில் அடிபடுவார். பம்புக்குள் சுழன்று ரத்தத்தைத் தள்ளும் சுழலியின் விளிம்பில் வேகம் கூடி, அடுத்தடுத்த அடுக்குகள் ஒன்றையொன்று கடுமையாக உரசினால், சிவப்பணுக்கள் கிழிந்துபோகும். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் மெதுவாக்கினால், ரத்தம் தேங்கும் மூலைகளில் உறைகட்டி உண்டாகும். வேகமும் எதிரி, தேக்கமும் எதிரி. பலவீனமான இதயத்துக்குத் துணையாக வைக்கும் சில பம்புகளில் சுழலியைக் காந்தத்தால் மிதக்க விடுவது இதனால்தான். பேரிங்கே இல்லாவிட்டால் அதன் இடுக்கில் உறைவதற்கும் இடமில்லை.

அடுத்து உலோகச் சோர்வு. ஒரு கம்பியை ஒரே இழுப்பில் அறுக்க முடியாவிட்டாலும், இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் முறிந்துவிடும் அல்லவா? தாங்கக்கூடிய விசையே ஆனாலும், திரும்பத் திரும்ப விழுவதால் நுண்விரிசல் உண்டாகி வளர்ந்து பொருள் முறிவதுதான் உலோகச் சோர்வு. இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. பத்தாண்டில் 36 கோடிக்கும் மேல். அதனால் விறைப்பான பொருளால் ஆன செயற்கை வால்வுகளைச் சோதனைக் கூடத்தில் 40 கோடி முறை திறந்து மூட வேண்டும் என்று சர்வதேசத் தரநிலை கேட்கிறது. வேகத்தைக் கூட்டி ஓட்டினாலும் மாதக்கணக்கில் ஆகும் வேலை.

இது மிகையான எச்சரிக்கை இல்லை. 1979 முதல் 1986 வரை விற்பனையில் இருந்த பியார்க்-ஷைலி குவிகுழி வால்வில், திறந்து மூடும் வட்டைத் தாங்கிப் பிடிக்கும் கம்பி வெல்டிங் செய்து இணைக்கப்பட்டிருந்தது. சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்ட அந்த வால்வுகளில் நூற்றுக்கணக்கானவற்றில் அந்தக் கம்பி சோர்ந்து முறிந்தது, வட்டு நழுவியது, பலர் இறந்தார்கள். சதவீதமாகப் பார்த்தால் சிறிய எண்தான். இந்தத் துறையில் சதவீதம் சொல்லித் தப்பிக்க முடியாது.

திரும்பிப் பார்த்தால், நெம்புகோல், தேய்மானம், விறைப்பு, பாய்மம், சோர்வு என்று ஐந்து பாடங்களைத் தொட்டுவிட்டோம். ஐந்தும் மெக்கானிக்கல் பாடத்திட்டத்தின் முதுகெலும்பு. தேய்ந்த துகள், சோம்பிய எலும்பு, கிழிந்த சிவப்பணு ஆகிய மூன்றும்தான் உடல் கூடுதலாகச் சேர்த்தவை.

## அப்படியானால் புதிதாக என்ன படிக்க வேண்டும்?

உடற்கூறியலும் உடலியங்கியலும் அடிப்படை அளவில். மருத்துவ மாணவரைப் போல எல்லா நரம்புகளின் பெயரும் தேவையில்லை. ஆனால் அறுவை மருத்துவர் பேசும்போது இடையில் நிறுத்தி அர்த்தம் கேட்காத அளவுக்குத் தெரிய வேண்டும். பிறகு உயிர்இயக்கவியல், உயிரிப்பொருளியல். முடிந்தால், ரத்தம் போன்ற உடல் திரவங்களின் ஓட்டத்தைப் பற்றிய உயிர்ப் பாய்மவியல்.

வடிவமைப்பிலும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். இயந்திர பாகத்துக்கு வரைபடம் உண்டு, அளவு உண்டு, அனுமதிக்கப்பட்ட விலகல் உண்டு. உடலை யாரும் வரைபடம் பார்த்துச் செய்யவில்லை. இருவரின் தொடை எலும்பு ஒன்றுபோல இருக்காது; ஒருவரின் வலதும் இடதுமே சற்று வேறுபடும். சி.டி. ஸ்கேன் படத்திலிருந்து எலும்பின் உருவத்தைக் கணினியில் எடுத்து, அதை லட்சக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தகைவைக் கணக்கிடுகிறார்கள். இதற்கு ஃபைனைட் எலிமென்ட் முறை என்று பெயர். மெக்கானிக்கல் மாணவர்கள் பாலத்துக்கும் என்ஜின் பாகத்துக்கும் இதைச் செய்து பழகியவர்களே. திரையில் வண்ண வண்ணமாகப் படம் வந்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது என்று மயங்காமல் இருக்க மட்டும் தனிப் பயிற்சி வேண்டும். எலும்பின் விறைப்புக்கு நீங்கள் கொடுத்த எண் யாருடைய எலும்பில் அளந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், அந்த வண்ணங்களுக்கு மதிப்பில்லை.

யாரும் விரும்பிப் படிக்காத, ஆனால் வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே மேசைக்கு வந்துவிடும் ஒரு பாடம் இருக்கிறது: ஒழுங்குமுறை. மருத்துவக் கருவிகளை ஆபத்தின் அளவுப்படி வகுப்புகளாகப் பிரிப்பது பல நாடுகளில் வழக்கம். கட்டுத்துணி ஒரு முனையில், இதய வால்வு மறுமுனையில். ஆபத்து கூடக் கூட, காட்ட வேண்டிய ஆதாரமும் கூடும். தர மேலாண்மைக்கு ஐ.எஸ்.ஓ. 13485, ஆபத்து மேலாண்மைக்கு ஐ.எஸ்.ஓ. 14971, பொருள் உடலோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்க ஐ.எஸ்.ஓ. 10993. இந்த மூன்று எண்களும் இந்தத் துறையில் வீட்டு முகவரி மாதிரி, எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு திருகாணியின் நீளத்தை ஒரு மில்லிமீட்டர் மாற்றினாலும், ஏன் மாற்றினோம், அதனால் புதிதாக என்ன ஆபத்து வரலாம், அதை எப்படிச் சோதித்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். எழுதச் சலிப்பவர்களுக்கு இந்தத் துறை ஒத்துவராது என்பதை நான் தயங்காமல் சொல்வேன்.

## யாருக்கு, எந்த வேலைக்கு?

இதயத் துடிப்பின் மின்சமிக்ஞை, ஸ்கேன் படங்கள், உணரிச் சுற்றுகள் ஆகியவற்றில் மனம் லயிப்பவர்களுக்கு மின்னணுவியல் வழியாகப் போவது பொருத்தம். செல் வளர்ப்பிலும் மருந்திலும் ஆர்வம் உள்ளவர்கள் உயிரியல் சார்ந்த படிப்புக்குப் போகலாம். அசைவது, தாங்குவது, தேய்வது, பாய்வது ஆகியவற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்குத்தான் மெக்கானிக்கல் வழி.

மூட்டு, முதுகெலும்பு, பல் உள்வைப்புகளின் வடிவமைப்பும் சோதனையும் முதல் வாசல். செயற்கைக் கால், சக்கர நாற்காலி, அறுவை ரோபோ, செயற்கைச் சுவாசக் கருவி என்று பட்டியல் நீளும். உற்பத்தியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். செயற்கை மூட்டின் கோபால்ட்-குரோமியப் பந்தைக் கண்ணாடிபோல மெருகேற்றுவது, கிருமிநீக்கத்தில் பிளாஸ்டிக் கெடாமல் பார்ப்பது எல்லாம் மெக்கானிக்கல் வேலைகளே. மருத்துவத்துக்கு வெளியேயும் இடம் உண்டு. கார் மோதும்போது தலையும் மார்பும் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டு, சீட் பெல்ட்டையும் காற்றுப்பையையும் வடிவமைப்பவர்களும் உயிர்இயக்கவியல் படித்தவர்களே. ஆராய்ச்சிப் பணிகளுக்கும் புது வடிவமைப்புப் பணிகளுக்கும் முதுநிலைப் பட்டம் பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுகிறது; சோதனை, உற்பத்தி, தரக் கட்டுப்பாட்டுக்கு இளநிலையே போதும்.

ஓர் எச்சரிக்கை. உடல் சார்ந்த விருப்பப் பாடங்களுக்கு இடம் வேண்டுமென்று இயந்திர வடிவமைப்பையும் அதிர்வியலையும் பாய்ம இயக்கவியலையும் மேலோட்டமாக முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு நேர்முகத் தேர்வில் "இந்தத் தண்டு எங்கே முறியும்?" என்று ஒரு படத்தைக் காட்டினால் திணறுகிறார்கள். உங்களை எடுக்கும் நிறுவனத்தில் உயிரியல் அறிந்தவர்கள் ஏற்கெனவே இருப்பார்கள். அவர்கள் தேடுவது தகைவு எங்கே குவியும் என்று சொல்லத் தெரிந்தவரை.

சிறப்புப் பிரிவில் சேருவதற்கு முன், துறையில் நேரடியாகப் போய்ச் சில விஷயங்களைக் கேளுங்கள். விருப்பப் பாடப் பட்டியலில் இருப்பவற்றில் எவை ஒவ்வோர் ஆண்டும் உண்மையிலேயே நடத்தப்படுகின்றன? சுமையை லட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கும் சோர்வுச் சோதனை இயந்திரம் ஆய்வகத்தில் இருக்கிறதா, மாணவர்கள் அதைத் தொட அனுமதி உண்டா? இறுதியாண்டுத் திட்டத்துக்கு அறுவை மருத்துவர் ஒருவர் இணை வழிகாட்டியாக வருவாரா? கடைசிக் கேள்விக்கு "வருவார்" என்று பதில் கிடைத்தால், அவர் அடுத்த முறை கழற்றி எடுக்கும் பழைய உள்வைப்பை, உரிய அனுமதியோடும் கிருமிநீக்கத்தோடும், ஒரு முறை கையில் வாங்கிப் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். பந்து எந்தப் பக்கம் அழுந்தியிருந்தது என்பது கிண்ணத்தின் குழிவிலேயே தெரியும்.